உங்க உடம்பு வேற

கொத்தங்கரையில் நடவு என்றால் நாகம்மாளைக் கேட்காமல் யாரும் நாற்றங்காலில் கை வைக்க மாட்டார்கள். அவளோடு சேர்த்துப் பதினொரு பெண்கள். எந்த வயலுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு இறங்குவது என்று அவள் ஒரு தடவை சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு என்று இருந்தது அந்தச் சொல் ஒன்றுதான். வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். மகளைக் கூத்தாநல்லூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று.

அந்தச் சொல்லை அவள் ஒரே ஒரு நாள் தப்பாகச் செலவழித்தாள்.

ரகுராமன் சென்னையில் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் ஊரடங்கின்போது மனைவி ஷைலஜாவோடு பூர்வீக வீட்டுக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. தரிசாகக் கிடந்த ஆறு ஏக்கரை உழுது, போர் போட்டு, தானே விவசாயம் பார்க்க ஆரம்பித்தார். ஊருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவார். கூலிக்கு வருகிறவர்களையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தார். 'நம்ம கொத்தங்கரை' என்று வாட்ஸ்ஆப் குழு ஒன்று ஆரம்பித்து, தினமும் காலையில் எதையாவது படித்து அதில் பேசிப் போடுவார். நடவு நடக்கும்போது பெண்கள் அவருடைய குரலைக் கேட்டுக்கொண்டே நடுவார்கள். படித்த மனுஷன், நம்மையும் ஒரு ஆளாக மதித்துச் சொல்கிறார் என்று நாகம்மாளுக்கு ஒரு பெருமை.

இரண்டாயிரத்து இருபது ஐப்பசியில், மழையில் நின்று களை பறித்துக்கொண்டிருந்த நாட்களில், நாகம்மாளின் தெருவில் வரிசையாகக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலைப் பிடித்து முறுக்குகிற மாதிரி வலி, கண் சிவப்பு, குளிர். கிராம நர்ஸ் மேகலா வந்து மூன்று பேருக்கு ரத்தம் எடுத்துப் போனாள். எல்லோருக்கும் கேப்ஸ்யூல் கொடுத்தாள். ஒரு வாரத்தில் தெரு எழுந்து நடமாடியது.

"இதுதான் கொரோனா. உங்களையெல்லாம் தொட்டுப் பார்த்துட்டுத் தோத்துப் போயிடுச்சு" என்றார் ரகுராமன். தெருவே சிரித்தது. நாகம்மாளும் சிரித்தாள்.

அடுத்த சித்திரை. பம்புசெட் தண்ணீரில் குறுவைக்கு ரகுராமனின் நாற்று தயாராக நின்றது. ஊரில் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி முகாம் திங்கட்கிழமை என்று மேகலா வீடு வீடாகப் பேர் எழுதிப் போயிருந்தாள். நாகம்மாளின் பெண்களில் எட்டுப் பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரகுராமன் நாற்றங்கால் பக்கம் வந்தார்.

"நாகம்மா, நாளைக்கு ஊசிக்குப் போறீங்களாமே?"

"ஆமாங்க சார். பேர் கொடுத்திருக்கோம்."

"போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், கையைத் தூக்க முடியாது. நாத்துக்கு இப்பவே இருபத்தஞ்சு நாள், இன்னும் விட்டா முத்திப்போயிடும். சரி, அதை விடுங்க, நாத்துக்காக நான் சொல்லல. உங்களுக்கு அது தேவையே இல்ல. ஒரு தடவை வந்து போன உடம்புல தானா ஒரு சக்தி ஊறிடும். இயற்கை போட்ட ஊசி அது. அதுக்கு மேல இவங்க போடற ஊசி எதுக்கு? இதெல்லாம் வெளிநாட்டுல பெரிய பெரிய டாக்டருங்களே எழுதறாங்க. என் பொண்ணு ஸ்ம்ருதி அமெரிக்காவுலேருந்து அனுப்பறா, படிச்சுட்டுத்தான் சொல்றேன்."

காலையிலேயே நடவுக்கு இறங்கிவிடுகிறோம் என்று நாகம்மாள் வாக்குக் கொடுத்தாள். அவர் போன பிறகு காசாம்பு மெதுவாக வாயைத் திறந்தாள். நாகம்மாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. ரகுராமனுக்கு மோட்டார் பார்த்துக்கொள்கிற பக்கிரியின் மனைவி. பத்து வருஷமாக நாகம்மாளுக்கு இடது கைப்பக்கம் நின்று நடுகிறவள்.

"எனக்கு என்னமோ போட்டுக்கிட்டா தேவலைன்னு இருக்குக்கா. எனக்குத்தான் இளைப்பு இருக்கே. நான் மட்டும் காலையில ஓடிப் போட்டுட்டு வந்துடறேன்."

"நீ ஒருத்தி போனா பின்னாலயே அத்தனை பேரும் கிளம்புவாளுங்க. நான் சாருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். அவரு படிச்சவரு, தெரியாமலா சொல்வாரு? பேசாம இரு."

காசாம்பு பேசாமல் இருந்தாள். திங்கட்கிழமை பதினொரு பேரும் வயலில் இறங்கினார்கள். பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கியில் மேகலா பேர் பேராகக் கூப்பிடுவது வயல் வரைக்கும் கேட்டது. நாகம்மாளின் பேர், காசாம்புவின் பேர். யாரும் நிமிரவில்லை. ஆறு நாளில் ஆறு ஏக்கரும் நட்டு முடித்தார்கள்.

பதினைந்து நாள் கழித்துத் தெருவில் முதல் இருமல் கேட்டது. அந்த வாரமே ஐந்து பெண்கள் படுத்தார்கள். அவர்களில் நாகம்மாளும் ஒருத்தி. சுட்டெரிக்கிற காய்ச்சல், வாயில் போட்டது எதுவும் ருசிக்கவில்லை, மல்லாந்து படுத்தால் மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி கனம். அடுத்த வீட்டில் காசாம்பு மூச்சுக்கு இழுப்பது சுவரைத் தாண்டிக் கேட்டது. மூன்றாம் நாள் ஆம்புலன்ஸ் வந்தது. நாகம்மாள் எழுந்து வாசலுக்குப் போகப் பார்த்தாள். கால் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். காசாம்புவை ஏற்றும்போது அவளும் இந்தப் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு நாள். ஒன்பதாம் நாள் காலையில் பக்கிரிக்குச் செய்தி வந்தது. உடம்பை ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை. மூட்டையாகக் கட்டிய ஒன்றைக் காட்டி இதுதான் என்றார்களாம். தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் பக்கிரி ஊரடங்கில் பஸ் இல்லாத ரோட்டில் பாதி தூரம் நடந்து, பாதி தூரம் யாருடைய வண்டியிலோ ஏறி வந்து சேர்ந்தான். தெருவில் ஒப்பாரி வைக்கக்கூட ஆள் இல்லை. பாதி வீடு படுக்கையில் கிடந்தது.

நாகம்மாளுக்கு நாலு நாள் பொறுத்துத்தான் சொன்னார்கள். அன்றைக்கு மேகலா விரலில் கருவி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த அவளுடைய கண்கள் பல நாள் தூங்காமல் வீங்கியிருந்தன.

"ஆக்சிஜன் தொண்ணூத்தாறு இருக்குக்கா. தப்பிச்சுட்டீங்க."

"எனக்கு ஒண்ணு புரியல நர்ஸம்மா. போன ஐப்பசியிலயே எங்களுக்கு வந்து போச்சே. மறுபடி எப்படி வந்துச்சு?"

மேகலா கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"ஐப்பசியில வந்தது எலிக்காய்ச்சல்க்கா. வயல் தண்ணியில எலி மூத்திரம் கலந்து கால் புண்ணு வழியா ஏறுறது. மூணு பேருக்கு ரத்தம் எடுத்தேனே, மூணும் எலிக்காய்ச்சல்னுதான் வந்துச்சு. கொரோனாவுக்கும் மூக்குல எடுத்து அனுப்புனோம், அதுல ஒண்ணுமில்லன்னு வந்துச்சு. தெருவுல நின்னு சொன்னேன். கொரோனாக் கணக்கைக் குறைக்க எலி மேல பழி போடறாங்கன்னு அந்த சார் குழுவுல போட்டாரு. அப்புறம் யாரு என்னைக் கேட்டீங்க?"

நாகம்மாளுக்கு நினைவு வந்தது. மேகலா சொல்லத்தான் சொன்னாள். தெருமுனையில் நின்று, சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள் என்றுகூடச் சொன்னாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெறுங்காலோடு இறங்காமல் எப்படி நடுவதாம்?

"அப்ப எங்க உடம்புல சக்தி ஊறிடுச்சுன்னு சொன்னது?"

"நிஜமாவே கொரோனா வந்து போனவங்களுக்குக் கொஞ்சம் தாங்குற சக்தி இருக்கும்க்கா. இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா யாருக்கு எவ்வளவு, எத்தனை நாளைக்கு, அது யாருக்கும் தெரியாது. அதனாலதான் அவங்களையும் போட்டுக்கச் சொல்றோம். உங்களுக்கு அதுகூடக் கிடையாது. வராத நோயை வந்து போச்சுன்னு நம்பி உக்காந்திருக்கீங்க."

அன்றைக்கு நாகம்மாளுக்கு ரகுராமன் மேல் கோபம் வரவில்லை. தன்னைப் போல அவரும் ஏமாந்திருக்கிறார் என்றுதான் நினைத்தாள். பாவம், ஊசி போட்டுக்கொள்ளாமல் வயதான இரண்டு பேர் அந்தப் பெரிய வீட்டில் இருக்கிறார்கள், போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். உடம்பு தேறி, ரோட்டில் கொஞ்ச தூரம் நடக்க முடிந்ததும் முதலில் போனது அங்கேதான்.

ஷைலஜா கொல்லைப்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நாகம்மாளைப் பார்த்ததும் கண் கலங்கினாள். நல்ல மனுஷி. காசாம்புவைப் பற்றி விசாரித்தாள், நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"எங்களுக்கும் வந்தது நாகம்மா, போன மாசம். ரெண்டு நாள் தொண்டை கரகரன்னு இருந்தது, அவ்வளவுதான். நல்லவேளை, மார்ச்சுலயே தஞ்சாவூர் போய் முதல் ஊசியைப் போட்டுட்டோம். ஏப்ரல் ஆரம்பத்துல ரெண்டாவதும் ஆச்சு. இவர்தான், பெரியவங்களுக்குப் போடறாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கே பேர் பதிஞ்சு என்னை அழைச்சுட்டுப் போனார். இல்லாட்டி என்ன ஆகியிருக்குமோ."

நாகம்மாள் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. சித்திரை ஞாயிற்றுக்கிழமை, நாற்றங்கால் வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற மனிதர் அவள் கண்ணுக்குள் வந்தார். அரைக்கைச் சட்டை. அந்தச் சட்டைக்குள் இரண்டு ஊசி ஏறிய கை.

பேச்சுக்குரல் கேட்டு ரகுராமன் வெளியே வந்தார்.

"நீங்க போட்டுக்கிட்டீங்களா சார்?"

அவர் மனைவியைப் பார்த்தார். ஷைலஜாவுக்கு எதுவும் விளங்கவில்லை.

"நாகம்மா, எனக்குச் சர்க்கரை இருக்கு. அறுபத்தஞ்சு ஆகுது. முப்பத்தஞ்சு வருஷம் ஏசியில உக்காந்து கெட்டுப்போன உடம்பு இது. உங்க உடம்பு வேற. வெயில்லயும் சேத்துலயும் நின்னு உரமேறின உடம்பு. நான் உங்களை உசத்தியாத்தான் சொன்னேன்."

"காசாம்பு உடம்பு எந்த உடம்பு சார்? உங்க மோட்டார் கொட்டகை நிழல்ல உக்காந்துதான் மூச்சு வாங்குவா. நீங்களே தண்ணி குடும்மான்னு சொல்லிருக்கீங்க."

"அவ போனதுல எனக்கு வருத்தம் இல்லையா? நான் படிச்சதைச் சொன்னேன். அதுல நம்பிக்கை இருக்கறதாலதான் சொன்னேன்."

"நம்பிக்கை எங்களுக்கு, ஊசி உங்களுக்கா?"

ரகுராமனின் முகம் சிவந்தது. "இதோ பாருங்க, போகாதேன்னு நான் யார் கையையும் பிடிச்சு இழுக்கல."

அது உண்மைதான். அதுதான் அவளைக் குத்தியது. இழுத்துப் பிடித்த கை அவளுடையது. அந்த மனிதர் அதைத் தெரிந்தே வைத்திருக்கிறார் என்பதும் அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்தது. பதினொரு பேரிடம் போய் அவர் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஒருத்தியிடம் சொன்னால் போதுமாக இருந்தது. திரும்பி நடந்தாள். ஷைலஜா பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தும் நிற்கவில்லை.

நேரே பக்கிரி வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மொட்டையடித்த தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. நின்றபடியே சொல்லிவிட்டாள். சாரும் அம்மாவும் ஊசி போட்டுக்கொண்டது, எலிக்காய்ச்சல் சங்கதி, எல்லாம். கடைசியில், காசாம்பு கேட்டதையும் தான் தடுத்ததையும்.

"தெரியும்க்கா" என்றான் பக்கிரி. "அன்னிக்கே வந்து சொன்னா. அக்கா வேணாம்னுட்டாங்கன்னு. நீ போறதுன்னா போன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நடவு நின்னுட்டா சார் என்ன நினைப்பாரோன்னு நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

அதைக் கேட்ட பிறகுதான் நாகம்மாளுக்கு முழுசாக விளங்கியது. ஒரு மனிதர் மனம் கோணக்கூடாதென்று இத்தனை பேர் ஆளுக்கொரு பக்கமாக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"உன் போன்ல அந்தக் குழு இருக்குல்ல? பேசிப் போடறது எப்படின்னு காட்டு."

பக்கிரி காட்டினான். அவள் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, எதிரில் ஆள் நிற்கிற மாதிரி பேசினாள்.

"நான் நாகம்மா பேசறேன். போன வருஷம் நம்ம தெருவுக்கு வந்தது கொரோனா இல்ல, எலிக்காய்ச்சல். நர்ஸம்மாகிட்ட சீட்டு இருக்கு, போய்ப் பாருங்க. வந்து போச்சு, இனிமே ஊசி வேணாம்னு சார் சொன்னாரு. அவரும் அவங்க வீட்டம்மாவும் அதுக்கு முன்னாலயே ரெண்டு ஊசியும் போட்டுக்கிட்டாங்க. அது தப்பில்ல. போட்டுக்கிட்டதை மறைச்சு எங்களை வேணாம்னு சொன்னாரே, அதுதான் தப்பு. கேட்டா உங்க உடம்பு வேறங்கறாரு. வேற இல்ல. எங்களுக்கும் மூச்சு அதே மூக்கு வழியாத்தான் போவுது. காசாம்பு போட்டுக்கறேன்னு கேட்டா. நான்தான் விடல. என்னைத் திட்டறவங்க திட்டுங்க. ஆனா ஊசியைப் போட்டுக்குங்க."

கால் மணி நேரம் போனது. பிறகு ரகுராமன் நீளமாக எழுதினார். துயரத்தில் இருப்பவர்கள் நிதானம் இழப்பது இயல்பு, தான் யாருடைய பெயரையும் குறிப்பிட விரும்பவில்லை, குழுவின் கண்ணியம் கருதி இனி அட்மின் மட்டுமே பதிவிட முடியும் என்று. நாகம்மாளின் குரலையும் அழித்துவிட்டார். அதற்குள் அது நாலு ஊர்க் குழுக்களுக்குப் போய்விட்டிருந்தது. மறுநாள் விடிந்ததும் பக்கிரி மோட்டார் கொட்டகைச் சாவியை ரகுராமன் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு வந்தான். உள்ளே போகவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை.

ஆனியில் முகாம் மறுபடி வந்தது. நோயில் படுத்து எழுந்தவர்கள் மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்று மேகலா சொல்லிவிட்டதால், அன்றைக்கு நாகம்மாளுக்கு ஊசி இல்லை. ஆனாலும் படுக்காமல் தப்பிய ஆறு பேர் வீட்டுக்கும் போய் நின்றாள். ஐந்து பேர் வந்தார்கள். தெருக்கோடி அஞ்சம்மாள் மட்டும் வாசலை விட்டு இறங்கவில்லை.

"அன்னிக்கு வேணாம்னே. இன்னிக்கு வேணும்ங்கறே. நாளைக்கு என்ன சொல்வியோ. உன் பேச்சை நான் கேக்கறதா இல்ல."

நாகம்மாள் மற்ற ஐந்து பேரோடு முகாமுக்கு நடந்தாள். 

ஆவணிக் கடைசியில் ஞாயிற்றுக்கிழமை பெரிய முகாம் என்று பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்டார்கள். நாகம்மாளுக்கு அன்றைக்குத்தான் முறை. வரிசையில் அறுபது, எழுபது பேர். முகாமைத் தொடங்கிவைக்க ரகுராமனைக் கூப்பிட்டிருந்தார்கள். மின்விசிறி கொடுத்தவர், படித்தவர், ஊரில் வேறு யார் என்று பஞ்சாயத்தில் முடிவு செய்தார்களாம். வெள்ளை வேட்டி கட்டி வந்து மைக்கைப் பிடித்தார்.

"தடுப்பூசி ஒண்ணுதான் நமக்குப் பாதுகாப்பு. நானே ஆரம்பத்துலயே, முதல் ஆளாப் போய்ப் போட்டுக்கிட்டேன். என்னைப் பாத்து நீங்களும் தைரியமா முன்வரணும்."

நாகம்மாள் வரிசையில் இருந்தபடியே அதைக் கேட்டாள். மறைத்து வைத்திருந்த அதே ஊசியை இப்போது பதக்கம் மாதிரி சட்டையில் குத்திக்கொண்டு நிற்கிறார். நாலு மாதத்துக்குள் பக்கம் மாறியாயிற்று; எந்தப் பக்கம் நின்றாலும் மாலை அவருக்குத்தான் விழுகிறது. செத்தவள் பேரை ஒருத்தரும் சொல்லவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து பந்தலுக்கு முன்னால் நின்றாள்.

"சார், சித்திரையில எங்ககிட்ட சொன்னதையும் இந்த மைக்குல சொல்லிட்டு உக்காருங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் மைக் அதை வாங்கிக்கொண்டது.

"நாகம்மா, இது அதுக்கான இடமில்ல."

"குழுவுல இடமில்லன்னு பூட்டிட்டீங்க. இங்கயும் இல்லன்னா எங்க சார் சொல்வீங்க? அன்னிக்கு உங்க பேச்சைக் கேட்டவங்க இந்த வரிசையில பாதிப் பேர் நிக்கறாங்க. நான் சொன்னது தப்பு, அதனால ஒரு உசுரு போச்சுன்னு சொல்லுங்க. நான் சொல்லிட்டேன். நீங்க சொல்லல."

யாரோ ஒருவர் பந்தலுக்குப் பின்னாலிருந்து, விடும்மா, பெரிய மனுஷன் என்றார். ஊசி மேஜையில் இருந்த மேகலா தலையை நிமிர்த்தினாள்.

"சொல்லிடுங்க சார். அதைக் கேட்டா இன்னும் நாலு பேர் வருவாங்க."

ரகுராமன் மைக்கைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார்.  பிறகு மைக்கை மேஜையில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கி காருக்குப் போனார். மன்னிப்பும் கேட்கவில்லை, மறுப்பும் சொல்லவில்லை. சம்பா நடவுக்கு மன்னார்குடிப் பக்கமிருந்து நடவு இயந்திரம் வரவழைத்தார். இயந்திரம் புகாத வயல் மூலைகளைக் கையால் நட்டுத்தர இரண்டு பெண்கள் வேண்டுமென்று சொல்லி அனுப்பினார். ஒருத்தியும் போகவில்லை. மூலைகள் கடைசி வரை வெறுமையாகவே கிடந்தன.

முகாம் அன்றைக்கு, அவர் கார் போன பிறகு, நாகம்மாள் மறுபடி வரிசைக் கடைசியில் போய் நின்று, தன் முறை வந்து ஊசி போட்டுக்கொண்டாள். இடது கை. மேகலா பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள்.

"காய்ச்சல் வரும்க்கா. ரெண்டு நாள் வயலுக்குப் போகாதீங்க."

"போகல. நடவுக்குக் கூப்பிட வர்றவங்ககிட்ட மூணாம் நாள்தான்னு சொல்லிட்டேன்."

அரைமணி நேரம் உட்காரச் சொன்ன பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அஞ்சம்மாள் பள்ளிக்கூட கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்ப்பது தெரிந்தது. நாகம்மாள் எழுந்து போவதற்குள் அவள் திரும்பி நடந்துவிட்டாள்.

சாயங்காலமே கை கனத்துக் காய்ச்சல் ஏறியது. பக்கிரி கஞ்சி கொண்டுவந்து வைத்தான்.

"சார் ஏதாவது சொன்னாராக்கா?"

"ஒண்ணும் சொல்லல."

பக்கிரி தலையாட்டினான்.  நாகம்மாள் கஞ்சியை வலது கையால் எடுத்து இரண்டு வாய் குடித்தாள்.

"நாளன்னிக்கு அஞ்சம்மா வீட்டுக்குப் போகணும்" என்றாள். "திட்டுவா. திட்டட்டும். அவ வர்ற வரைக்கும் போவேன்."